மரக்காணத்து உப்பும் புதுச்சேரி ரொட்டியும்

மரக்காணத்தில் கோதுமை விளையாது. மணலும் உவர்மண்ணுமான இந்தக் கரையில் விளைவது உப்பு, பனை, சவுக்கு. ஆனால் தெற்கே 35 கிலோமீட்டரில் புதுச்சேரி இருப்பதால், முந்நூறு ஆண்டுக்கு மேலாக ரொட்டி தின்னும் ஊருக்கு நாங்கள் அண்டை வீட்டார். அந்த ரொட்டியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிரெஞ்சுக்காரரில் தொடங்கிப் பிரெஞ்சுக்காரரிலேயே முடித்துவிடுகிறார்கள். மாவு மட்டும் ரொட்டி ஆகிவிடுமா? உப்பு வேண்டும், மாவைப் பொங்க வைக்கப் புளிப்பு வேண்டும், அடுப்புக்கு விறகு வேண்டும். மூன்றும் இந்தக் கரையோரத்தில் கிடைப்பவை. நான் உப்பளத்துக் கணக்குப்பிள்ளையின் மகள். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டிலேயே ரொட்டி சுடுகிறேன். உப்பு வாரியவர்களையும் பனை ஏறியவர்களையும் விட்டுவிட்டு எழுதும் ரொட்டிக் கதை பாதிக் கதை என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் உப்பு. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் கடற்கரை ஊரான எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். எங்கள் பூமீசுவரர் கோயில் சுவர்களில் முதலாம் இராசராசன் காலம் தொட்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்கு விட்ட கொடைகளின் கணக்கோடு உப்பளமும் அவற்றில் பேசப்படுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அளம் என்பது நெல்வயலைப் போல எழுதிவைக்கத்தக்க சொத்தாக இருந்த ஊர் இது.

அளத்து வேலை அன்றைக்கும் இன்றைக்கும் வெயிலை நம்பியது. கழியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் எடுக்கும் உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடுவார்கள். ஏறக்குறைய 25 பாகை போமே அடர்த்தியில் உப்பு மணி கட்டும். பாத்தியில் இறங்கி, பாதம் வெடிக்க நின்று, பலகையால் இழுத்து வரப்பில் குவிப்பார்கள். முப்பது பாகைக்கு மேல் போகவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதனால் மிச்ச நீரை அதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். வடிக்கிற நேரத்தை அப்பா நாக்கில் தொட்டுப் பார்த்தே சொல்லுவார். புது உப்பை உடனே சமையலுக்கு எடுக்க ஆயா விடமாட்டார். குவியலில் கிடந்து கசப்பு நீர் வடிந்த பழைய உப்பைத்தான் பானையில் போடுவார். ரொட்டிக்கும் அந்தப் பழைய உப்புத்தான் சரி.

1674இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் குடியேறினார்கள். 1750இல் எங்களுக்கு வடக்கே உள்ள ஆலம்பரைக் கோட்டையும் பிரெஞ்சு ஆளுநர் தூப்ளேயின் கைக்கு வந்தது. பத்தே ஆண்டில், 1760இல், ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்தார்கள். வடக்கே ஆலம்பரை, தெற்கே புதுச்சேரி என்று இரண்டு பக்கமும் பிரெஞ்சுக் கொடி பறக்க, நடுவில் எங்கள் அளங்கள் கிடந்த காலம் அது.

ஆங்கிலேயக் கும்பினியார் 1805இல் சென்னை மாகாணத்து உப்பு முழுவதையும் தங்கள் தனியுரிமை ஆக்கிக்கொண்டார்கள். விளைவித்தவர் தம் உப்பைத் தாமே விற்க முடியாது. பக்கத்தில் பிரெஞ்சு மண்ணில் உப்பு விளைந்தால் வரி இல்லாமல் கசிந்துவிடும் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. அதற்கான ஏற்பாடுதான் 1815, 1818 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள். புதுச்சேரி, காரைக்கால் அளங்கள் மூடப்பட்டன. அளத்துச் சொந்தக்காரர்களுக்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் ஈட்டுத்தொகை. பிரெஞ்சுப் பகுதிக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயரே கொடுப்பார்கள். அங்கே அதை ஏறக்குறைய இங்குள்ள விலைக்கே விற்க வேண்டும். புதுச்சேரி ரொட்டிக்காரரின் மாவில் விழுந்த உப்பு அதன்பின் எல்லைக்கு இந்தப் பக்கத்து உப்புதான். அளம் மூடப்பட்டதால் பிழைப்பு இழந்த கூலிக்காரர்களுக்கு அந்த வராகனில் பங்கு உண்டா என்றால், ஒப்பந்தம் பேசியது சொந்தக்காரர்களைப் பற்றி மட்டும். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தில் வந்து முடிகிறது. அதன் ஒரு பகுதி தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாதவர்களைக் கொண்டு வெட்டியது. உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போன வழி அந்தக் கால்வாய். உப்பு வரி 1947இல்தான் ஒழிந்தது.

இனி புளிப்பு. ஈஸ்ட் என்று பொட்டலத்தில் விற்பது நேற்று வந்த பழக்கம். கோவாவில் பாவ் சுடுகிறவர்கள் கள்ளை ஊற்றித்தான் மாவைப் பொங்கவைத்தார்கள். 1850இல் பனையைப் பற்றிக் கொழும்பில் நூல் வெளியிட்ட வில்லியம் பெர்குசன், இலங்கை ரொட்டிக்காரர்கள் கள்ளைத் தவிர வேறு புளிப்பையே பயன்படுத்துவதில்லை என்று எழுதினார். தென்னாட்டு வெள்ளைக்காரர் வீடுகளில் சமையற்காரர்கள் கையாண்டதும் அதே வழி. சோழமண்டலக் கரை முழுக்கப் பனை. அதில் இறங்கும் கள் இருக்கும்போது ஐரோப்பாவிலிருந்து ஈஸ்டுக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? காத்திருந்தாலும் இந்த வெக்கையில் கப்பல் பயணத்தை அது தாங்கியிருக்காது.

கள் இந்தக் கரைக்கு எவ்வளவு பழையது என்பதற்கும் சிறுபாணாற்றுப்படையே சாட்சி. எயிற்பட்டினத்துக்கு வரும் பாணர்களுக்கு, நுளையர் வீட்டுப் பெண்கள் வடித்த பழைய தேறலையும் சுட்ட குழல்மீனையும் பரதவர் கொடுப்பதாக நத்தத்தனார் பாடுகிறார். கள்ளில் நிகழ்வது என்ன என்பதை 1850களின் கடைசியில் பாஸ்டர் ஐரோப்பாவில் புளிப்பை ஆராய்ந்துதான் உலகம் அறிந்தது. உயிருள்ள நுண்ணிகள் சர்க்கரையைத் தின்று சாராயமும் கரிவளியும் ஆக்குகின்றன. பாளையைச் சீவிக் கலயம் கட்டியதும் அவை தாமாகவே அதில் குடியேறும். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். விடியலில் இறக்கிய கள் நுரைத்துக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் புளிப்பு ஏறி, மறுநாள் காடியை நோக்கிப் போய்விடும். ஆகவே ரொட்டிக்காரருக்குக் காலைக் கள் வேண்டும். புதுச்சேரியில் விறகடுப்பு ரொட்டிக் கடையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் தம் தகப்பனார் காலத்துப் பழக்கத்தை என்னிடம் சொன்னார்: “காலையில கள்ளு வந்துடணும் டீச்சரம்மா. அதுல கொஞ்சம் மாவைக் கரைச்சு வச்சா பொழுது சாய பொங்கி நிக்கும். ராத்திரி பிசைஞ்சு, விடியறதுக்குள்ள சுட்டு இறக்கிடுவாங்க.” அடுப்புக்கு என்ன விறகு என்று கேட்டேன். “சவுக்குதான். புகை இருக்காது, அனல் நிக்கும்.”

பனையில் பாளை விடும் பருவமும் அளத்தில் உப்பு வாரும் பருவமும் ஏறக்குறைய ஒன்று என்பது எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். தை, மாசியில் இரண்டும் தொடங்கும். வெயில் ஏற ஏற இரண்டும் பெருகும். விடியலில் பனை ஏறிவிட்டு, வெயிலில் அளத்தில் இறங்கியவர்கள் ஒரே தெருவில் இருந்தார்கள். பனை ஓயும் மாதங்களில் தென்னங்கள் கைகொடுக்கும்.

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. கள்ளுக்கடைகள் மூடின. புதுச்சேரி அப்போது பிரெஞ்சு மண். அங்கே தடை இல்லை. 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்தியாவோடு இணைந்த பிறகும் கள் விஷயத்தில் எல்லை அப்படியே இருந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1971இல் கடைகள் திறந்தன, பிறகு மூடின, 1981இல் மறுபடி திறந்தன, 1987 முதல் கள்ளுக்குத் தடை நிலைத்துவிட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கனகசெட்டிக்குளத்தைத் தாண்டினால் சட்டப்படி கிடைப்பது, எங்கள் ஊரில் குற்றம். இந்தத் தடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குடியை மட்டுமே பேசுகிறார்கள். ஆப்பத்துக்கும் ரொட்டிக்கும் கள் உணவுப் பொருளாக இருந்ததையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். பனையேறிகளின் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தவர்கள். அந்தத் தொழில் கைவிட்டுப் போனதை அருகிலிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்.

கள் விட்ட இடத்தைப் பொட்டல ஈஸ்ட் பிடித்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளுக்காக உலர் ஈஸ்ட் உருவானது. தண்ணீரில் ஊறவைக்காமல் நேராக மாவில் கலக்கும் வகையை 1970களில் பிரான்சின் லெசாஃபர் நிறுவனம் கொண்டுவந்தது. அதற்குள் கோதுமையும் பெருகியிருந்தது. 1956 முதல் அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக இறங்கியது. 1965இல் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. மெழுகுத்தாள் சுற்றிய துண்டு ரொட்டி அப்படித்தான் சின்ன ஊர்களுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் அது காய்ச்சல்காரருக்கான சாப்பாடு. சுடுபாலில் நனைத்து ஊட்டுவார்கள். நல்ல உடம்போடு ரொட்டி தின்றவர்களை நான் பார்த்தது புதுச்சேரியில், சொல்தா வீடுகளில்தான். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கியவர்கள் காலைக் காப்பியோடு ரொட்டியைப் பிட்டுத் தின்பார்கள்.

வீட்டு ரொட்டிக்கு என் கணக்கு இதுதான்: அரைக் கிலோ மைதா, 10 கிராம் உப்பு, 3 கிராம் ஈஸ்ட், 310 மில்லி தண்ணீர். உப்பு மாவில் நூற்றுக்கு இரண்டு. அதைக் குறைத்தால் ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் பொங்கி, மாவு தளர்ந்து அமுங்கிவிடும். உப்புதான் அதை நிதானப்படுத்தி, மாவின் நாரை இறுக்குகிறது. குளிர்நாட்டுச் சமையல் புத்தகம் 7 கிராம் ஈஸ்ட் கேட்கும். சித்திரை வெயிலில் இங்கே அது அதிகம். பானைத் தண்ணீரில் பிசைந்து 3 கிராம் போட்டாலே ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகும். கல் உப்பை அந்தத் தண்ணீரிலேயே கரைத்து, அடியில் மண் தங்கவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுவேன். 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்கக்கூடாது. அதனால் அன்றாடச் சமையலுக்குக் கடை உப்பு, ரொட்டிக்கு மட்டும் அளத்து உப்பு என்று வைத்திருக்கிறேன்.

ஓவன் இல்லை. அகலக் குக்கரில் இரண்டு விரல் உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் சூடேற்றியபின் மாவுப் பாத்திரத்தை வைப்பேன். உப்பை முந்தின நாளே வெயிலில் காயவைக்க வேண்டும், ஈரம் இருந்தால் படபடவென்று வெடிக்கும். நாற்பது நிமிடத்தில் வெந்துவிடும். மேற்புறம் வெளுத்திருக்கும். கவிழ்த்துத் தோசைக்கல்லில் போட்டால் சிவக்கும்.

என் மகள் காலாப்பட்டில் இருக்கிறாள். அது புதுச்சேரி எல்லைக்குள். அங்கே போயிருந்தபோது, மருமகன் அரசு அனுமதி பெற்ற கடையில் காலைக் கள் வாங்கி வந்தார். பொட்டல ஈஸ்டைத் தொடாமல் அந்தப் பெரியவர் சொன்ன முறையிலேயே செய்தேன். ஒரு தம்ளர் கள்ளில் ஒரு தம்ளர் மாவைக் கரைத்து மூடிவைத்தோம். சாயங்காலம் பாத்திரத்தின் விளிம்புவரை நுரைத்து நின்றது. மீதி மாவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து இரவெல்லாம் விட்டு, விடிந்ததும் சுட்டோம். ஈஸ்ட் ரொட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வாகத்தான் எழும்பியது. வேகும்போதே கள் வாடை போய்விட்டது. பிட்டால் ஆப்பத்தின் ஓரத்தில் வருமே, அந்த இலேசான புளிப்பு. பேரப்பிள்ளைகள் நேற்று வைத்த மீன்குழம்பைத் தொட்டு முழுவதையும் தின்று தீர்த்தார்கள்.