சாம்பல் ஆண்டு

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டை நம் வரலாற்று நூல்கள் 'ஆமுர் ரமாதா' என்று குறிப்பிடுகின்றன. ரமாத் என்றால் சாம்பல். மழை பொய்த்ததால் ஹிஜாஸ் நிலம் கருகிற்று; காற்று வீசினால் மண் சாம்பல்போல் பறந்தது. மேய்ச்சல் அழிந்து கால்நடைகள் மடிந்தன. பாலைவாசிகள் குடும்பம் குடும்பமாக வந்து மதீனாவைச் சுற்றித் தங்கினர்.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பிற பகுதி ஆளுநர்களுக்கு உதவி கேட்டு எழுதினார்கள். முதலில் வந்தவர் ஷாமிலிருந்து அபூஉபைதா (ரலி) அவர்கள். 4,000 ஒட்டகங்களில் உணவு கொண்டுவந்ததாகத் தபரீ பதிவு செய்கிறார். அதே காலத்தில் ஷாமைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோயில் அவர்களும் இறையடி சேர்ந்தார்கள் என்பது தனித் துயரம்.

நிவாரணம் என்றதும் நமக்கு நீண்ட வரிசையும் பொட்டலமும்தான் நினைவுக்கு வருகின்றன. மதீனாவில் ஆட்களை எண்ணினார்கள். ஓர் இரவு பொதுப் பந்தியில் உண்டவர்கள் 7,000 பேர் என்று இப்னு ஸஅத் எழுதுகிறார். பந்திக்கு வர இயலாத நோயாளிகள், பெண்கள், சிறுவர்கள் ஆகியோரையும் எண்ணுமாறு கலீஃபா பணித்தார்கள். அவர்கள் 40,000 பேர். இந்த இரண்டாவது கணக்கே நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. பந்திக்கு வந்தவர் கண்ணில் படுவார். வராதவரைத் தேடிச் சென்றல்லவா எண்ண வேண்டும்!

மக்களுக்குக் கிடைக்கும்வரை நெய்யையும் இறைச்சியையும் தொடுவதில்லை என்று கலீஃபா உறுதி பூண்டார்கள். எண்ணெயை மட்டுமே உண்டதால் வயிறு இரைந்தது. எவ்வளவு இரைந்தாலும் மக்கள் வளம் பெறும்வரை உனக்கு நெய் இல்லை என்று தம் வயிற்றிடமே கூறினார்களாம். சிவந்த மேனி கறுத்துப் போயிற்று. பஞ்ச காலத்தில் திருட்டுக்கான தண்டனையையும் அவர்கள் நிறைவேற்றவில்லை.

பின்னர் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைவேண்டிப் பிரார்த்தித்தார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை பொழிந்தது. வந்தவர்களுக்கு வழியுணவும் வாகனமும் கொடுத்து, அவரவர் ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

அவ்வாண்டு ஸகாத் வசூலிக்க யாரையும் அனுப்பவில்லை. நிலம் செழித்த பிறகே வசூலிப்போர் புறப்பட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கும் உரியதைப் பெற்று, ஒரு பாதியை அவ்வவ்விடத்து ஏழைகளுக்கே பங்கிட்டுவிட்டு, மறுபாதியை மட்டும் மதீனாவுக்குக் கொண்டுவருமாறு அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டிருந்தது.