படமாக மாறும் எழுத்தும் எழுத்தாக மாறும் படமும்

இன்று கொஞ்சம் கணினி வரலாறு.

காந்தி மார்க்கெட் பக்கம் டிடிபி கடை நடத்தும் என் பழைய மாணவர் கேட்டார்: “சார், ஒரு டாக்குமென்ட்டை ஆன்லைன்ல பிபிஎம் படமா மாத்தினேன். நோட்பேடுல திறந்தா பக்கம் பக்கமா 0, 1 தான் இருக்கு. ஃபைல் கெட்டுப்போச்சா?”

கெடவில்லை. அந்த 0, 1 தான் படமே. இதைப் பாருங்கள்:

1 0 0 0 1
1 0 0 0 1
1 0 0 0 1
1 0 0 0 1
1 1 1 1 1

1 என்றால் கறுப்பு, 0 என்றால் வெள்ளை. நம் ‘ப’ தெரிகிறதா? இதற்கு மேலே, ஆங்கில ‘பி’ எழுத்தோடு 1 சேர்த்து ஒரு வரி. அடுத்து அகலம், உயரம் இரண்டையும் குறிக்க 5 5 என்று ஒரு வரி. அவ்வளவுதான், முழுமையான பிபிஎம் கோப்பு தயார். கட்டம் போட்ட நோட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளையே எழுதிவிடும்.

இப்படி ஒரு வடிவம் எதற்கு? 1980களில் ஜெஃப் போஸ்கன்சர் என்பவர் இதை உருவாக்கினார். அன்றைய மின்னஞ்சல் ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே பத்திரமாகக் கொண்டுபோகும். படக்கோப்பை அப்படியே அனுப்பினால் வழியிலேயே சிதைந்துவிடும். அதனால் படத்தையே எழுத்தாக எழுதி அனுப்பினார்கள். 1989இல் பிரான்சில் வண்ணப் படங்களுக்காக எக்ஸ்பிஎம் என்ற வடிவம் வந்தது. அதுவும் எழுத்தால் ஆனதே. 1992இல் மைம் என்ற நெறிமுறை வந்து, எந்தக் கோப்பையும் அஞ்சலோடு இணைக்க வழி பிறந்தது. அத்தோடு இவற்றின் தேவை குறைந்தது.

நம் தமிழுக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு எழுத்துரு செய்தது. ஆங்கில எழுத்து இருக்கும் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். அதனால் பலரும் தமிழைப் படமாக்கி அனுப்பினார்கள். அவர்கள் படத்தை எழுத்தாக்கினார்கள்; நாம் எழுத்தைப் படமாக்கினோம்!

1991இல் வெளியான யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனாலும் நம் மேசைக்கு வந்து சேர ஆண்டுகள் பிடித்தன. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்.

இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்த ஆண்டு மலர்கள், குலதெய்வ வரலாறுகள், ஊர்க் கதைகள் எத்தனையோ பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. “படமாக்கி வைத்துவிட்டேன், இனிப் பயமில்லை” என்கிறார்கள். முகம் பிழைத்தது, உண்மைதான். ஆனால் அதில் தாத்தா பெயரைத் தேட முடியாது, ஒரு பிழையைத் திருத்த முடியாது, பார்வையற்றவருக்குக் கணினி வாசித்துக் காட்டவும் முடியாது. கணினிக்கு அது வெறும் புள்ளிகள்.

கணக்கும் பாருங்கள். ஒரு ஏ4 பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் 2480 × 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். எழுத்து வடிவ பிபிஎம்மில் புள்ளிக்கு ஓர் எண் எழுத வேண்டும். அதே பக்கத்தின் வாசகம் யூனிகோடில் சில ஆயிரம் பைட்டுகளில் அடங்கிவிடும்.

ஆகவே என் யோசனை: முதலில் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி கொண்டு பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு வேண்டுமானால் படமும் எடுத்து வையுங்கள். பென்ஷன் தாள், பத்திரம், ஆதார் போன்றவற்றை முகம் தெரியாத இணையதளத்தில் ஏற்றாதீர்கள். கிம்ப் என்ற இலவச மென்பொருளே பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து பிபிஎம்மாகத் தரும். கோப்பு வீட்டைவிட்டு வெளியே போகாது.

வீட்டில் பழைய சிடி, பென்டிரைவ் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை திறந்து பாருங்கள். அந்த எழுத்துருவை அடையாளம் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஆசிரியர், திருச்சி