பூவைப் பாடியவர்களும் கிழங்கை அஞ்சியவர்களும்

குறுந்தொகையின் முதற்பாடல் முருகனின் குன்றைக் குருதி நிறக் காந்தட் குலைகளால் நிறைக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் நிரல் செங்காந்தளில்தான் தொடங்குகிறது. வேலன் வெறியாடும் துறைக்கே தொல்காப்பியம் காந்தள் என்று பெயரிடுகிறது. மகளிர் விரலுக்கு அதன் இதழை உவமையாக்கிய சங்கப் புலவர்கள் பூவில் கண்ட அழகைப் பலவாறு பாடினார்களே அன்றி, மண்ணுக்குள் கிடந்த கிழங்கின் கொடுமையைப் பெரிதும் பேசவில்லை. அந்த அறிவு பாட்டில் அன்றி, மருத்துவரும் உழவரும் அச்செடிக்கு வழங்கிய பெயர்களில் தங்கியிருக்கிறது.

கவடுபட்டு வளைந்த கிழங்கு ஏரை நினைவூட்டியதால் அது கலப்பைக்கிழங்கு ஆயிற்று; கலப்பை என்றே பொருள்படும் லாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் அதே தோற்றத்திலிருந்து பிறந்தது. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் ஈழத்தில் அது கார்த்திகைப்பூ. பூவை உற்றுப் பார்த்தால் கண் நோகும் என்னும் நம்பிக்கை கண்வலிப்பூ என்ற பெயரைத் தந்தது. அந்த நம்பிக்கைக்கு மருத்துவச் சான்று இல்லை எனினும், குழந்தைகளைச் செடியிடம் நெருங்கவிடாமல் காத்த எச்சரிக்கையாக அதைக் கொள்வது தகும். கருவை அழிப்பது என்று பொருள்படும் கர்ப்பகாதினி என்ற வடமொழிப் பெயரோ எந்த மறைப்பும் இன்றி ஆபத்தைச் சொல்கிறது. ஆயுர்வேதம் இதனை உபவிடங்களுள், அதாவது பெருநஞ்சுகளுக்கு அடுத்த நிலையில் உள்ளவற்றுள், வைத்தது. சித்த மருத்துவமும் சுத்தி எனப்படும் நச்சு நீக்கும் முறைக்கு உட்படுத்தாமல் இக்கிழங்கை மருந்தில் சேர்க்க இசையவில்லை.

1753இல் லின்னேயஸ் இதற்கு குளோரியோசா சுபர்பா என்று பெயரிட்டபோது அவர் கண்ணிலும் பூவின் பெருமிதமே நின்றது. நஞ்சின் வரலாறு வேறொரு செடியிலிருந்து தொடங்குகிறது. கருங்கடற்கரையின் கொல்கிஸ் நாட்டின் பெயரைத் தாங்கிய கொல்சிக்கம் என்னும் ஐரோப்பியச் செடி நெடுங்காலமாகக் கீல்வாத மருந்தாக இருந்தது. 1820இல் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் இருவர் அதிலிருந்து ஒரு காரப்போலியை, அதாவது தாவரங்கள் உண்டாக்கும் நைட்ரஜன் கலந்த வீரியப் பொருளை, பிரித்தெடுத்தனர். அதுவே பின்னர் கொல்ச்சிசின் எனப்பட்டது. காந்தட் கிழங்கை ஆராய்ந்த கல்கத்தாப் பேராசிரியர் வார்டன், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அதில் கண்ட கசப்புப் பொருளுக்கு சூப்பர்பின் என்று தனிப்பெயர் சூட்டினார். காந்தளிலும் கொல்ச்சிசினே உள்ளது என்பது 1915இல் வெளியான ஓர் ஆய்வால் தெளிவாயிற்று.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது நிறப்புரிகளை இருபுறமும் இழுத்துச் செல்லும் நுண்ணிழைகள் உருவாகாதபடி கொல்ச்சிசின் தடுத்துவிடுகிறது. ஆகவே இடைவிடாது அணுக்கள் பிரியும் குடலின் உட்சுவர், எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியவை முதலில் தாக்குண்கின்றன. வேறு கிழங்கு என்று தவறாக எண்ணி உண்டவருக்குச் சில மணி நேரம் எதுவும் தோன்றாமல், பிறகே வாந்தியும் பேதியும் தொடங்குவதும், உயிர் தப்பியவருக்கு வாரம் கடந்து தலைமயிர் உதிர்வதும் இதனால்தான். அணுப் பிரிவை நிறுத்தும் இதே இயல்பைக் கொண்டு 1937இல் பிளேக்ஸ்லி முதலியோர் செடிகளின் நிறப்புரி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிக் காட்ட, விதையில்லாத் தர்பூசணிக்கு வழி பிறந்தது.

கொல்ச்சிசினை நாடும் மருந்துத் தொழிலின் தேவைதான் வேலியோரக் கொடியைத் தமிழகத்தில் வயற்பயிராக்கியது. ஒட்டன்சத்திரம், மூலனூர், அரவக்குறிச்சி, வேதாரண்யம் பகுதிகளில் பந்தலிட்டு வளர்க்கப்படும் இப்பயிரில் விலை பெறுவது, பழம்பெயர்கள் அஞ்சிய கிழங்கு அன்று, கொல்ச்சிசின் மிகுந்த விதை. நட்டு வளர்க்கும் கிழங்குக்காகக் காடுகளைத் தோண்டியதால் இயற்கையில் இச்செடி அருகியது, தன் மாநில மலராக இதனைக் கொண்டாடும் நிலத்துக்கு நேர்ந்த பெருங்குறை. காந்தள் மலரின் சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடிந்து மகரந்தப் பைகளைவிட்டு விலகி நிற்பதால் காய்ப்பிடிப்பு எளிதில் அமைவதில்லை. திருமுருகாற்றுப்படை முருகன் சூடிய காந்தளை வண்டு மொய்க்காத பூ என்கிறது. அது தெய்வத்துக்கு உரிய பூவின் தூய்மையைச் சொல்வதே அன்றிப் பயிரியல் குறிப்பு அன்று, குறுந்தொகையிலேயே தும்பி இதன் தாதை ஊதுகிறது. ஆயினும் வயலில் வண்டை நம்பியிருக்க முடியாத உழவர்கள் பூக்கும் காலத்தில் காலைதோறும் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள்.