ஒரே நேரம், ஒரே அளவு

என் இளமைப் பருவத்தில் எங்கள் ஊர்த் தாலுகா அலுவலக முற்றத்தில் மழைமானி ஒன்று இருந்தது. நாள்தோறும் காலையில் எழுத்தர் ஒருவர் வந்து அதனைத் திறந்து பார்த்து, ஏட்டில் ஏதோ குறித்துக்கொண்டு போவார். கோடையில் ஒரு நாள், "மழையே பெய்யவில்லையே ஐயா, என்ன எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன். "மழை இல்லை என்று எழுதுகிறேன் தம்பி. வெறுமையாக விட்டுவிட்டால், மழை வரவில்லையா, நான் வரவில்லையா என்பது மேலே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவ்விடையின் பொருள் அன்று எனக்கு முழுதும் விளங்கவில்லை. நம் நாட்டு வானிலைத் துறையின் வரலாற்றைப் பயின்ற பிறகே விளங்கிற்று. அவ்வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்தியாவில் வானிலையை அளக்கும் வழக்கம் பழமையானது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டிலேயே வானாய்வுக் கூடம் ஒன்று எழுந்தது. தமிழிலும் பிற மொழிகளிலும் எழுத்துகள் பொறிக்கப்பெற்ற அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. வேறு சில நகரங்களிலும் பின்னர் இத்தகைய கூடங்கள் தோன்றின. அளப்பார் இருந்தனர், அளந்தவற்றை ஒன்று சேர்ப்பார்தாம் இல்லை.

அதன் விலை 1864ஆம் ஆண்டில் தெரிந்தது. அக்டோபர் 5ஆம் நாள் பெரும் புயல் ஒன்று கல்கத்தாவைத் தாக்கியது. கடல்நீர் ஊக்ளி ஆற்றின் வழியே பொங்கி ஏறிக் கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போயிற்று. பல்லாயிரம் மக்கள் மாண்டனர். அப்புயல் திடீரென வந்ததன்று. வங்கக் கடலைக் கடந்து வந்தது; வழியிலே கப்பல்கள் பல அதனைக் கண்டன. மாலுமிகள் காற்றின் திசையையும் பாரமானியின் வீழ்ச்சியையும் தத்தம் ஏடுகளில் குறித்தும் வைத்தனர். பின்னர் கேஸ்ட்ரல், பிளான்போர்டு என்னும் இருவர் அவ்வேடுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் புயல் வந்த வழியை வரைந்து காட்டினர். ஆனால் அவர்தம் அறிக்கை வெளிவந்தது 1866இல் அன்றோ! இறந்தவர்க்கு அதனால் என்ன பயன்?

புயலை அடுத்துக் கல்கத்தாத் துறைமுகத்திற்கு எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு 1865இல் தொடங்கிற்று. மாகாணங்கள் சில தமக்கென வானிலை அலுவலரை அமர்த்திக்கொண்டன. இனித் துன்பம் தீர்ந்தது என நினைக்கலாம். தீரவில்லை. கருவிகளும், அவற்றை வைக்கும் முறையும், பார்க்கும் நேரமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டிருந்தன. ஒருவரது எண் மற்றவர்க்குப் பயன்படவில்லை.

எண் எங்கும் எண்தானே, அதில் வேறுபாடு என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே அங்குள்ள பாரமானி, சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்ந்தே காட்டும். பெரும்பாலான புயல்களின் நடுவிலும் அத்துணை வீழ்ச்சி இராது. இரண்டையும் கடல் மட்டக் கணக்கிற்குக் கொண்டுவராமல் ஒரே படத்தில் எழுதினால், பெங்களூரில் என்றும் புயல் வீசுவதாகவே தோன்றும்! அவ்வாறே, வெயிலில் தொங்கும் வெப்பமானியும் நிழலில் உள்ள வெப்பமானியும் ஒன்று சொல்லா. காலையில் பார்த்த அழுத்தமும் மாலையில் பார்த்த அழுத்தமும் ஒப்பிடத் தக்கன அல்ல.

1866இல் ஒரிசாவில் கொடிய பஞ்சம் இலட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டது. புயலும் பஞ்சமும் மாகாண எல்லையை மதிப்பதில்லை என்னும் உண்மை அரசினர்க்கு மெல்ல மெல்லப் புலனாயிற்று. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பெற்றது. வங்கத்தில் பணியாற்றிய ஹென்றி பிளான்போர்டு அதன் பொறுப்பை ஏற்றார்.

அவர் செய்த வேலை பார்வைக்குச் சிறியது. ஒத்த கருவிகள், அவற்றைத் தரமான ஒன்றோடு சரிபார்த்தல், ஒத்த நேரம், ஒத்த படிவம், பிழை நேர்ந்தால் விடை கூற ஒரு பொறுப்பாளர்: இவையே. எனினும் இவற்றால் சிதறிக் கிடந்த எண்கள் ஒரு நாட்டின் பொது உடைமை ஆயின. 1878இல் நாள்தோறும் வானிலை அறிக்கை வெளிவரத் தொடங்கிற்று. 1886இல் பருவமழை பற்றிய முன்னறிவிப்பு முறையாக வெளியாயிற்று. 1904இல் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பல ஆண்டு எண்களைப் பிற நாட்டு எண்களோடு ஒப்பிட்டு, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடும் உண்மையைக் கண்டார். எல் நினோ என்று இன்று நாம் பேசுவது அதனோடு தொடர்புடையதே.

ஒன்றை மறைத்தல் ஆகாது. துறை தோன்றிய மறு ஆண்டே தென்னாட்டைப் பெரும் பஞ்சம் பற்றியது. 1878 வரை நீடித்தது. மக்கள் மடிந்துகொண்டிருந்தபோதே தானியம் கடல் கடந்து சென்றது. எண்கள் பசியைப் போக்கா. அவற்றைப் படித்துச் செயலாற்றும் மனமும் ஆள்வோர்க்கு வேண்டும். ஆனால் நல்ல மனம் இருந்தும் நம்பத் தக்க எண் இல்லையேல், அம்மனம் இருட்டில் கைநீட்டுவதையே ஒக்கும்.

இன்று நம் நாட்டில் காலை 8.30 மணிக்கு மழை அளக்கப்படுகிறது. 2.5 மில்லிமீட்டருக்குக் குறையாது பெய்த நாளே மழை நாள் எனக் கொள்ளப்படுகிறது. ஏன் 2.5? அங்குலத்தில் அளந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு என வகுத்த எல்லை அது. மெட்ரிக் அளவு வந்தபோதும் அவ்வெல்லையை விடாது காத்தமையால், நம் பாட்டனார் கண்ட மழையையும் நாம் காணும் மழையையும் ஒப்பிட முடிகிறது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் அலுவலகங்களில் அமர்ந்து படிவங்களை நிரப்புவீர்கள். சலிப்பு மிக்க வேலை என்று தோன்றும். அப்போது மழையில்லாத நாளிலும் மழைமானியைத் திறந்து பார்த்த அந்த எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதும் எண்ணை, நீங்கள் காணாத ஒருவர், வேறோர் ஊரில், வேறொரு காலத்தில் நம்பப்போகிறார்.