மேட்டில் நிற்கும் மோட்டாரைப் பின்னால் உருளாமல் கிளப்புவது எப்படி?

சுங்கை பட்டாணியிலிருந்து பாலிங் பக்கம் போகிறீர்கள். மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு. உங்களுக்குப் பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லாரி. பச்சை விழுந்ததும் கிளட்சை விடுகிறீர்கள். 'டப்'பென்று இன்ஜின் நின்றுவிடுகிறது, மோட்டார் மெதுவாகப் பின்னால் உருளுகிறது. "தம்பி, பிரேக்கப் புடி!" என்று பக்கத்து மோட்டாரிலிருந்து ஓர் அண்ணன் கத்துகிறார்.

எந்தப் பிரேக்கை? பதில் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

கெடா தோட்டங்களில் வளர்ந்த பலருக்கும் முதல் மோட்டார் அப்பாவுடைய ஹோண்டா இஎக்ஸ்5 மாதிரி ஒரு 'கப்சாய்'தான். அதில் கிளட்ச் பிடியே கிடையாது. 1958ல் ஜப்பானில் வந்த சூப்பர் கப் காலத்திலிருந்தே ஹோண்டா இந்த வகை மோட்டாரை அப்படித்தான் செய்கிறது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். கியரைப் போட்டு முறுக்கினால் போதும், வண்டி ஏறிவிடும்.

பிறகு பதினாறு வயதாகிறது, பி2 லைசன்ஸ் எடுக்கிறீர்கள், கண் யமஹா ஒய்15 மேல் விழுகிறது. இடது கையில் கிளட்ச் பிடி. தானாக நடந்த வேலையை இனி நீங்கள் செய்யவேண்டும். மட்டமான சாலையில் இரண்டு நாளில் பழகிவிடும். மேட்டில்தான் மானம் போகும்.

வலது கைக்கு இரண்டு வேலை

பிரச்சினை எங்கே என்று பாருங்கள். முன் பிரேக்கும் முறுக்கும் ஒரே வலது கையில் இருக்கின்றன. மேட்டில் முன் பிரேக்கைப் பிடித்து நின்றால், அதை விட்டால்தான் ஒழுங்காக முறுக்க முடியும். அந்த ஒரு நொடியில் வண்டி பின்னால் போகும். பதற்றத்தில் நீங்கள் ஓவராக முறுக்கி, கிளட்சைச் சட்டென்று விட்டால் முன் சக்கரம் தூக்கும். இரண்டு விரலால் பிரேக், மற்ற விரல்களால் முறுக்கு என்று சமாளிக்கும் அண்ணன்கள் இருக்கிறார்கள். அது பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை.

புதிதாகப் பழகுகிறவருக்கு வலது கால்தான் துணை. பின் பிரேக்கை வலது காலால் மிதித்து, இடது காலைத் தரையில் ஊன்றி நில்லுங்கள். இப்போது வலது கை முறுக்க மட்டும், இடது கை கிளட்சுக்கு மட்டும்.

எவ்வளவு பாரத்தை அந்தக் கால் தாங்குகிறது தெரியுமா? பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேடு என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் 120 கிலோ, நீங்கள் 65 கிலோ என்றால் ஏறக்குறைய 18 கிலோ எடைக்குச் சமமான விசை உங்களைப் பின்னால் இழுக்கும். பின்னால் 60 கிலோ கூட்டாளி ஏறினால் அது 24 ஆகிவிடும். மட்டத்தில் பழகிய அதே அளவு முறுக்கினால் மேட்டில் இன்ஜின் சாவது இதனால்தான்.

பழகும் முறை

முதலில் மட்டமான, ஆளில்லாத இடத்தில் முதல் கியரைப் போட்டு, முறுக்காமலே கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் இன்ஜின் சத்தம் இறங்கும், வண்டி லேசாக முன்னால் நகரப் பார்க்கும். கிளட்ச் பிடிக்கும் இடம் அதுதான். உடனே மறுபடி அழுத்துங்கள். இதையே இருபது தடவை செய்யுங்கள், விரல் அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இரவல் மோட்டாரில் அது வேறு இடத்தில் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்து ஒரு சிறு மேடு. பின் பிரேக்கை மிதித்தபடி கொஞ்சம் முறுக்கிப் பிடியுங்கள். கிளட்சை அந்த இடம்வரை கொண்டுவந்து அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் கனமாகும், வண்டி பிரேக்கை எதிர்த்துத் தள்ளும். அதை உணர்ந்த பிறகுதான் பிரேக்கை விடவேண்டும். வண்டி நகர ஆரம்பித்தாலும் கிளட்சை உடனே முழுசாக விடாதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் போகட்டும்.

ஒரு சின்னச் சிக்கல் உண்டு. கியர் மிதிக்கும் கால் இடது கால், தரையில் ஊன்றியிருப்பதும் அதே கால். அதனால் நிற்கும் முன்பே முதல் கியருக்கு வந்துவிடுவது நல்லது. நியூட்ரலில் நின்றுவிட்டால் முன் பிரேக்கைப் பிடித்து, வலது காலை ஊன்றி, இடது காலால் கியரைப் போட்டு, மறுபடி கால் மாற்றுங்கள். பச்சை விழுந்த பிறகு இதைச் செய்தால் பின்னால் ஹார்ன் கேட்கும். கேட்கட்டும், அவசரப்படாதீர்கள்.

இன்ஜின் நின்றுவிட்டால் பின் பிரேக்கை விடாமல், கிளட்சை முழுக்க அழுத்தி, ஸ்டார்ட் பொத்தானைத் தட்டுங்கள். கிக்கர் உதைக்கவேண்டிய வண்டி என்றால் வலது கால் அதற்குத் தேவை, அப்போது மட்டும் முன் பிரேக்.

மழை பெய்த தோட்டத்துச் செம்மண் பாதை தனிக் கதை. மேட்டில் பாரம் பின் சக்கரத்துக்குப் போய்விடுவதால் முன் சக்கரம் லேசாக இருக்கும். முன் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சறுக்கும். கிளப்பும்போது அதிகமாக முறுக்கினால் பின் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

கிளட்ச் கருகுமா?

கருகும். பிரேக் இல்லாமல், கிளட்சைப் பாதியில் பிடித்து மேட்டில் நிற்பது ஸ்டைலாகத் தெரியும். உள்ளே தகடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடாகிக்கொண்டே இருக்கும். கிளம்பும் சில நொடி உராய்வுக்குப் பிரச்சினை இல்லை, ஒய்15 போன்றவற்றில் தகடுகள் எண்ணெயில்தான் இருக்கின்றன. ஒரு சிவப்பு விளக்கு முழுக்க அப்படி நிற்பதுதான் தப்பு. சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் தகடு தேய்ந்திருக்கலாம். கேபிளில் கொஞ்சமும் தளர்வு இல்லாவிட்டாலும் அப்படித்தான் ஆகும், முதலில் அதைப் பாருங்கள்.

நன்றாகப் பழகியபின் குரூண் பக்கம் 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைக்குப் போக ஆசை வரும். ஏறும்போது வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் கிளட்சைத் தேடவேண்டாம். இறங்கும்போது கிளட்சை அழுத்திக்கொண்டு 'ஃப்ரீ'யாக உருளவிட்டால் இன்ஜின் கொடுக்கும் பிடிப்பு போய்விடும், எல்லாப் பாரமும் பிரேக்கில் விழும். இரண்டாவது கியரில் கிளட்சைத் தொடாமல் இறங்குங்கள். கருகல் வாசனை வந்தால் ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறியபிறகு கிளம்புங்கள்.