சீஸ்தானின் காற்றும் ஆஸ்கோவின் பள்ளியும்

காற்றாலையை உலகிற்கு வழங்கியவர்கள் முஸ்லிம்களே என்று நம் மேடைகளிலும் சிறப்பு மலர்களிலும் அடிக்கடி கூறப்படுகிறது. கேட்போரின் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அதனைத் தொடர்ந்து எழ வேண்டிய வினாவை நாம் எழுப்புவதில்லை. காற்றைக் கொண்டு கல்லைச் சுழற்றும் கலை கிழக்கே தழைத்திருக்க, அதே காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் கலை ஸ்காட்லாந்திலும் டென்மார்க்கிலும் பிறந்தது ஏன்? வரலாற்றைப் பெருமைக்காக மட்டும் புரட்டாமல் படிப்பினைக்காகவும் புரட்டுவோமாயின், இவ்வினாவிற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

ஈரானின் கிழக்கு எல்லையும் ஆப்கானிஸ்தானின் மேற்கு எல்லையும் கூடும் இடத்தில் சீஸ்தான் என்னும் நிலப்பரப்பு உள்ளது. அரபு நூல்கள் அதனை ஸிஜிஸ்தான் என்று குறிப்பிடும். கோடைக்காலத்தில் அங்கே வடக்கிலிருந்து ஒரு காற்று வீசத் தொடங்கினால் ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு ஓய்வதில்லை. அம்மக்கள் அதற்கு ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே பெயரிட்டுள்ளனர். மணலை அள்ளி வீட்டினுள் கொட்டும், பயிரைச் சாய்க்கும், கண்ணைத் திறக்க விடாது. ஓடும் ஆறுகள் மிகுந்த ஊர்களில் மாவரைக்க நீராலை இருந்தது. வறண்ட சீஸ்தானில் தடையின்றிக் கிடைத்தது இந்தக் காற்று ஒன்றே. துன்பமாக வந்த அதனையே அம்மக்கள் ரொட்டிக்கு மாவாக்கினர்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புவியியல் அறிஞர் அல்இஸ்தக்ரீ, சீஸ்தானின் கடுங்காற்றையும் அதனால் சுழலும் ஆலைகளையும் பதிவு செய்துள்ளார். அதே நூற்றாண்டினரான வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதீ (மறைவு ஹிஜ்ரி 345, கி.பி. 956), அங்கே காற்று மாவரைப்பதோடு தோட்டங்களுக்கு நீர் இறைக்கவும் பயன்பட்டதாக எழுதுகிறார். காற்றை இவ்வளவு பயன்படுத்தும் ஊர் வேறில்லை என்பது அவருடைய கருத்து.

இதற்கும் முற்பட்டதாகக் கூறப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்களைக் கொலை செய்த பாரசீக அடிமை அபூ லுஃலுஆ ஒரு கைவினைஞன். காற்றால் இயங்கும் ஆலையைச் செய்யத் தன்னால் முடியும் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்ததாகவும், உமர் (ரலி) அவர்கள் அது குறித்து அவனிடம் வினவியதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அது ஹிஜ்ரி 23, அதாவது கி.பி. 644ஆம் ஆண்டு. இச்செய்தி பிற்காலத்தில் ஏட்டில் ஏறியது ஆதலால், ஆய்வாளர்கள் பலர் இதனை உறுதியான சான்றாகக் கொள்வதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. இந்தக் கலையின் வேர் அந்நிலத்துப் பாரசீக உழவர்களிடமும் கைவினைஞர்களிடமும் இருந்தது. இஸ்லாம் அங்கு வருவதற்கு முன்னரே அது தொடங்கியிருக்கவும் கூடும். முஸ்லிம் அறிஞர்கள் செய்த பணி, அதனைக் கண்டு மதித்து எழுதி வைத்தது. அதுவும் சிறிய பணியன்று. ஆனால் எழுதியவரின் புகழை உழைத்தவரின் புகழோடு கலந்துவிடுவது நேர்மையாகாது.

அந்த ஆலையின் அமைப்பு எளிது. மண்ணாலும் மரத்தாலும் உயரமான சுவர்கள் எழுப்புவர். அவற்றின் நடுவே நெட்டுக்குத்தாக ஓர் அச்சு நிற்கும். அச்சைச் சுற்றி மரப்பலகைகளோ நாணற் பாய்களோ இறக்கைகளாகக் கட்டப்பட்டிருக்கும். காற்று வரும் திசையில் சுவரில் ஒரு திறப்பு இருக்கும். அத்திறப்பின் வழியே நுழையும் காற்று ஒரு பக்கத்து இறக்கைகளை மட்டும் தள்ளும். மறுபக்கத்து இறக்கைகளைச் சுவர் மறைத்துக் காக்கும். இந்த மறைப்பு இல்லாவிடில் இருபக்கத்துத் தள்ளுதலும் ஒன்றையொன்று ஈடுசெய்து ஆலை அசையாது நிற்கும். அச்சு நேரே திரிகைக் கல்லோடு இணைந்திருப்பதால் பற்சக்கரம் எதுவும் தேவையில்லை. நான்கு மாதமும் ஒரே திசையிலிருந்து காற்று வீசுவதால் ஆலையைத் திருப்பி வைக்கும் தேவையும் இல்லை. பாரசீகத்தில் இதன் பெயர் ‘ஆஸ்பாத்’. திரிகை என்பதும் காற்று என்பதும் சேர்ந்த சொல்.

திமிஷ்க் நகரை அடுத்த ரப்வாவில் இமாமாகப் பணியாற்றிய ஷம்சுத்தீன் அத்திமிஷ்கீ (மறைவு கி.பி. 1327) இவ்வாலையை விரிவாக வர்ணித்ததுடன் படமும் வரைந்து வைத்தார். அவர் விவரிக்கும் ஆலையில் திரிகை மேல்தளத்திலும் இறக்கைகள் கீழ்த்தளத்திலும் உள்ளன. பிற்காலத்து ஆலைகளில் இவ்வரிசை தலைகீழாக மாறி, இறக்கைகள் மேலேயும் திரிகை கீழேயும் அமைந்தன. ஆக, பெயர் தெரியாத யாரோ ஒரு கொத்தனாரும் தச்சரும் இடைக்காலத்தில் சிந்தித்து அதனைத் திருத்தியிருக்கின்றனர்.

ஆனால் அந்தச் சிந்தனை தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாகவே சென்றது. அறிஞர் ஆலையை வர்ணித்தார். காற்றின் வேகத்திற்கும் இறக்கையின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை அளக்க அவர் முனையவில்லை. ஆலைக்காரருக்கு அது தெரிந்திருக்கலாம். அவர் ஏட்டில் எழுதவில்லை. ஏடும் உளியும் தனித்தனி வீடுகளில் குடியிருந்தன.

ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் காற்றாலைகள் தோன்றின. அவற்றின் அச்சு கிடையாக அமைந்தது. ஆலையையே காற்றின் திசைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. சீஸ்தானின் ஆலையைப் பார்த்துத்தான் அவர்கள் இதனைச் செய்தார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. எனவே அதனையும் நாம் நம் கணக்கில் எழுதிக்கொள்ள இயலாது.

மின்சாரத்தின் காலம் பிறகு வந்தது. 1887ஆம் ஆண்டு ஜூலையில் கிளாஸ்கோ நகரின் ஆண்டர்சன் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பிளைத், ஸ்காட்லாந்தின் மேரிகர்க் சிற்றூரில் தம் விடுமுறை இல்லத்துத் தோட்டத்தில் துணிப்பாய்கள் கட்டிய ஒரு காற்றாலையை நிறுவினார். அது மின்னாக்கியைச் சுழற்றி மின்கலங்களை நிரப்ப, வீட்டில் விளக்கெரிந்தது. எஞ்சிய மின்சாரத்தால் ஊரின் தெருவிற்கு ஒளி தருவதாக அவர் கூறியபோது, அது சாத்தானின் வேலை என்று சொல்லி ஊரார் மறுத்துவிட்டதாகக் கூறப்படுகிறது. புதியதைக் கண்டு மிரள்வது எந்தச் சமயத்தாருக்கும் தனியுரிமையன்று. பிளைத் பின்னர் நெட்டுக்குத்தான அச்சில் சுழலும் ஆலையையும் கட்டினார். அதன் அடிப்படை சீஸ்தானின் உழவர்களுக்குப் பழக்கமானதே. அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்னும் செல்வந்தரான பொறியாளர், 144 மர இறக்கைகள் கொண்ட 12 கிலோவாட் ஆலையைத் தம் மாளிகைக்காக நிறுவினார். அது சுமார் 20 ஆண்டுகள் இயங்கியது.

இவ்விருவரும் வெற்றி கண்டனர். ஆயினும் இவர்களுக்குப் பின் ஒரு வழித்தோன்றல் வளரவில்லை. காற்று மின்சாரத்திற்கு வழித்தோன்றலை உண்டாக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர்.

டென்மார்க்கின் பவுல் லா கூர் வானிலை ஆய்வுத்துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். 1878ஆம் ஆண்டு ஆஸ்கோ என்னும் ஊரில் கிராமத்து இளைஞர்கள் பயிலும் மக்கள் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். நகரங்களுக்கு மட்டும் மின்சாரம் கிடைத்தால் சிற்றூர்கள் வெறிச்சோடிவிடும் என்பது அவருடைய கவலை. 1891இல் அரசு உதவியுடன் பள்ளியில் ஒரு சோதனைக் காற்றாலையை எழுப்பினார். இறக்கை மாதிரிகளைக் காற்றுக்குழாயில் வைத்து அளந்து, எண்ணிக்கையில் குறைந்த இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்சாரத்திற்கு ஏற்றது என்று கண்டார்.

காற்று நின்றால் என் செய்வது என்பதே அன்றைய பெருஞ்சிக்கல். இன்றும் அது முற்றிலும் தீரவில்லை. லா கூர் காற்று மின்சாரத்தால் நீரைப் பகுத்து, கிடைத்த ஹைட்ரஜன் வாயுவைச் சேமித்துப் பள்ளியின் விளக்குகளை எரித்தார். வாயுவோடு ஆக்சிஜன் கலந்து வெடித்து, சன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. அவர் தளரவில்லை. 1904ஆம் ஆண்டு முதல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணிப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார். 1908இல் அவர் மறைந்தார். வகுப்பில் பயின்றவர்கள் இருந்தனர். 1918ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் சுமார் 120 உள்ளூர் மின்நிலையங்கள் காற்றாலை வைத்திருந்தன. நாட்டின் மின் நுகர்வில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை அவை ஈடுசெய்தன.

1904இன் வகுப்பில் அமர்ந்திருந்தோருள் ஒருவர் யொஹானஸ் யூல் என்னும் இளைஞர். பிளைத்தின் ஆலை சுழலத் தொடங்கிய 1887இல் பிறந்தவர். அரை நூற்றாண்டு கழித்து, முதுமையின் வாயிலில், கெட்ஸர் என்னும் கடற்கரையில் மூன்று இறக்கைகளும் 200 கிலோவாட் திறனும் கொண்ட ஆலையை நிறுவினார். 1957 முதல் 1967 வரை அது பெரும் பழுதின்றி ஓடியது. பின்னர் எண்ணெய் மலிவென்று கருதிய உலகம் அதனை நிறுத்திவைத்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடுத்தபோது விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. எரிபொருளுக்கு அயல்நாட்டையே நம்பியிருந்த டென்மார்க் திகைத்தது. அப்போது நின்றுபோன கெட்ஸர் ஆலை நினைவிற்கு வந்தது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் வேண்டுகோளின்படி அது மீண்டும் செப்பனிடப்பட்டு அளக்கப்பட்டது. கிறிஸ்தியான் ரீசாகர் என்னும் தச்சர் அதன் வடிவத்தைப் பின்பற்றிச் சிறிய ஆலைகளைச் செய்தார். அண்மை ஆண்டுகளில் அந்நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கும் மேற்பட்டது காற்றிலிருந்தே கிடைக்கிறது.

இச்சங்கிலியின் ஒரு கண்ணி நம் ஊரிலும் உண்டு. 1986இல் தூத்துக்குடிக் கடற்கரையில் தமிழகத்தின் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தபோது, அங்கே நின்றவை 55 கிலோவாட் டேனிஷ் இயந்திரங்கள். கட்டபொம்மனால் நாமறிந்த கயத்தாற்றில் உள்ள காற்றாலைச் சோதனை நிலையமும் டென்மார்க்கின் தொழில்நுட்ப உதவியுடன் உருவானதே. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே மே முதல் செப்டம்பர் வரை வீசும் பருவக்காற்று, முப்பந்தலின் வறண்ட நிலத்திற்கு ஒருகாலத்தில் தொல்லையாகவே இருந்தது. சீஸ்தானின் காற்றும் அதே மாதங்களில் வீசுவதே. இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்துள்ளது.

ஹதீஸ் கலை பயில்வோர் அறிவிப்பாளர் வரிசையின் அருமையை அறிவர். ஒரு செய்தி எவ்வளவு உயர்ந்ததாயினும், யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற தொடர் அறுந்துவிட்டால் அதன் வலிமை குன்றும். கைத்தொழிலுக்கும் இதுவே விதி. லா கூரிடமிருந்து யூல், யூலிடமிருந்து ரீசாகர் என்று ஆஸ்கோவின் தொடர் அறுபடாமல் வந்தது. ஏட்டறிவும் கைத்திறனும் ஒரே வகுப்பறையில் அமர்ந்ததே அதற்குக் காரணம். சீஸ்தானின் ஆலைக்காரர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். மின்னாக்கி அவர்களை எட்டவில்லை. அவர்களைத் தேடிச் சென்று கற்கவும் கற்பிக்கவும் பள்ளி எதுவும் எழவில்லை.

ஈரானின் கொராசான் பகுதியில் நஷ்டிஃபான் என்னும் ஊரில் ஏறத்தாழ முப்பது ஆஸ்பாத்கள் இன்றும் நிற்கின்றன. 2002இல் அந்நாடு அவற்றைத் தேசியப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுவர் நிற்கும், சட்டம் அதனைக் காக்கும். இறக்கை உடைந்தால் மீண்டும் கட்டத் தெரிந்த கை ஒன்று வேண்டும். அக்கையைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. மாணவராலேயே உண்டாக்க முடியும்.

நம் வீட்டு முதியவர்களிடம் படகு கட்டும் கணக்கோ, பாய் முடையும் பின்னலோ, கிணற்று நீரோட்டம் அறியும் நுட்பமோ இன்னும் எஞ்சியிருக்கக் கூடும். மூதாதையரின் பெருமையை மேடையில் பேசுவதற்கு முன், அவர்களருகே ஓர் ஏட்டோடும் ஒரு பிள்ளையோடும் சென்று அமர்வோம்.