மணி அடிக்குது, குரல் மட்டும் வரல!

இணையத் தொலைபேசி வச்சிருக்கிற நம்ம சனங்களுக்கு இந்தக் கூத்து பழக்கமாத்தான் இருக்கும். சேவைக்காரன் கொடுத்த இணைப்புல போன் ஜோரா வேலை செய்யும். அதே பெட்டியை வேற வீட்டு இணைப்புல மாட்டினா மணி அடிக்கும், எடுத்தா நாம பேசுறது ஊர்ல அம்மாவுக்குக் கேட்கும், அம்மா பேசுறது நமக்குக் கேட்காது. எனக்கு இப்படி ஆனப்போ சேவைக்காரர் சொன்ன பதில்: "உங்க நெட் சரியில்ல சார்". அட, நெட் நல்லாத்தாங்க இருந்தது! கடுப்புல தோண்டிப் பார்த்தா விவகாரம் 1994-க்குப் போகுது.

அப்போ ஐபி முகவரி தீர்ந்துடுமோன்னு எல்லாருக்கும் பயம். மொத்தமே சுமார் 430 கோடிதான். அதுக்கு ஒட்டுப்போட 1994 மே மாசம் ஆர்எஃப்சி 1631 வந்தது. உள்ளே ஒரு முகவரி, வெளியே வேற முகவரி, வாசல்ல நிக்கிற ரவுட்டர் மாத்திக்கொடுக்கும். இதுதான் 'நாட்'. தற்காலிக ஏற்பாடுன்னு சொல்லித்தான் கொண்டுவந்தாங்க. (நம்மூர்ல தற்காலிகக் கொட்டகை எத்தனை வருஷம் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்.)

1999-ல கொலம்பியா பல்கலையின் ஹென்னிங் ஷுல்ஸ்ரின் உள்ளிட்டோர் எழுதின 'சிப்' நெறிமுறை வந்தது. அழைப்பை ஏற்படுத்துறது இதோட வேலை. குரல் தனி வழியில போகும். எந்த முகவரிக்குக் குரலை அனுப்பணும்னு சிப் கடிதத்துக்கு உள்ளேயே எழுதியிருக்கும். ரவுட்டர் மாத்துறது உறை மேல இருக்கிற முகவரியை மட்டும்தான். உள்ளே "192.168.1.5-க்கு அனுப்பு"ன்னு அப்படியே கிடக்கும். அந்த முகவரி லட்சக்கணக்கான வீட்ல இருக்கே, அம்மா குரல் எங்கே போய்ச் சேரும்? சேவைக்காரரோட சர்வருக்குப் பொது முகவரி இருக்கிறதால நம்ம குரல் மட்டும் போயிடும். அவங்க சொந்த வலையில நடுவுல நாட் இல்லைன்னா இந்தச் சிக்கலே கிடையாது.

2003-ல 'ஸ்டன்' வந்தது. வெளியில இருக்கிற ஒரு சர்வரைக் கேட்டு "நான் எந்த முகவரியில தெரியுறேன்?"னு தெரிஞ்சுக்கிட்டு, அதைக் கடிதத்துல எழுதுறது. ஆளுக்கு ஆள் வேற போர்ட் கொடுக்கிற நாட்கிட்ட இது பலிக்கல. முதல்ல அதோட பேர்லயே 'சிம்பிள்'னு ஒரு சொல் இருந்தது. 2008-ல திருத்தி எழுதினப்போ அந்தச் சொல்லையே தூக்கிட்டாங்க, ஹி ஹி! எதுவும் பலிக்கலைன்னா நடுவுல ஒரு சர்வர் குரலை வாங்கிக் கொடுக்கிற 'டர்ன்' 2010-ல வந்தது.

ரவுட்டர்காரங்களும் சும்மா இருக்கல. கடிதத்தைப் பிரிச்சு உள்ளேயும் திருத்துற 'சிப் ஏஎல்ஜி'ன்னு ஒண்ணை வச்சாங்க. பல பெட்டிகள்ல அது அரைகுறையாத் திருத்தி இருக்கிறதையும் கெடுக்கும். எங்க வீட்ல அதை அணைச்சு, ஸ்டனைப் போட்டதும் அம்மா குரல் வந்தது.

இன்னொண்ணு: கொஞ்ச நேரம் சும்மா இருந்தா ரவுட்டர் வாசலைச் சாத்திடும், உள்வரும் அழைப்பு அடிக்காது. ரெண்டு நிமிஷமாவது திறந்து வைக்கணும்னு 2007-லயே ஆர்எஃப்சி 4787 சொல்லியாச்சு, கேட்காத பெட்டிகள் உண்டு. போன் அமைப்புல 'கீப் அலைவ்'ன்னு இருக்கும், 30 விநாடி வச்சுப் பாருங்க.